மாரி முடியுமட்டும்

அன்று காலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: காலில் கட்டுப் போட்டு மர வாங்கில் இருந்த அப்பா, அடுப்படிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்த அம்மா, மடியில் புத்தகம் வைத்திருந்த அண்ணன், தேத்தண்ணி குடிக்க வந்த சின்ன மாமா, வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாகப் பள்ளிக்கூடம் போக நின்ற நான். கொட்டிலில் சிவப்பியும் அவளுடைய கன்றும். படலையில் வட்டை விதானை குடையோடு நின்றார். உள்ளே வராதபடியால் அவரைச் சேர்ப்பதா விடுவதா என்று இன்னும் எனக்கு முடிவில்லை. ஆட்களை இப்படிச் சரிபார்ப்பது என் பழக்கம். ஒருவர் குறைந்தாலும் திரும்ப முதலிலிருந்து எண்ணுவேன்.

எங்கள் ஊர் உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே, வயலும் வாய்க்காலுமான இடம். மாரிக் காலத்தில் விதைப்பு முடிந்ததும் ஊர் மாடுகளைப் பட்டியாகச் சேர்த்துக் காட்டுப் பக்கம் சாய்த்துவிடுவார்கள். அறுவடைக்குப் பிறகுதான் அவை திரும்பும். கறவை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. மாட்டை வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் அது வரம்பில் மேயும் நேரமெல்லாம் கயிறு ஒரு ஆளின் கையில் இருக்க வேண்டும். கட்டை அடித்துக் கட்டிவிட்டு வந்தால் செல்லாது. ஊறிப்போன மண்ணில் கட்டை நிற்குமா? முந்தின நாள் நாங்கள் அந்தப் பிழையைத்தான் விட்டோம். சிவப்பி கட்டையையும் இழுத்துக்கொண்டு போய் அடுத்த வயலில் ஒரு மூலையை வழித்துத் தின்றிருந்தாள்.

வயல் துண்டுகளின் தண்ணீரையும் வேலியையும் பார்க்க ஊரார் தெரிந்தெடுத்த ஆள்தான் வட்டை விதானை. அவர் சத்தம் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"கண்டது நானெண்டபடியா விட்டன். காணிக்காரன் கண்டிருந்தா? கயிறு ஆள்ர கையில இரிக்கணும். ஏலாதெண்டா பட்டியோட அனுப்புங்க, அவ்வளவுதான்."

"பட்டியோட அனுப்பினா நாங்க என்னத்தக் குடிக்கிற?" என்றார் அப்பா.

"மழையத்தான்," என்றுவிட்டு விதானை போய்விட்டார்.

சிரிப்பதற்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவின் காலில் மண்வெட்டி பட்ட காயம் வயல் தண்ணீரில் ஊறிச் சீழ் பிடித்திருந்தது. ஈரம் படவே கூடாது என்று ஆசுபத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வளவில் அப்போது ஈரமில்லாத இடம் அவர் இருந்த வாங்கு மட்டும்தான். அவருக்குப் பதிலாக அம்மா வயலுக்குப் போனாள். வரம்பில் தண்ணீர் வடிகிற வக்கடையைத் திறக்கவும் அடைக்கவும் ஆள் இல்லையென்றால் பயிர் அழுகிவிடும். அண்ணனுக்கு மார்கழியில் ஓ.எல். என்கிற பெரிய பள்ளிச் சோதனை. சின்ன மாமா எங்கள் பாலையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ ஓடப் போய்விடுவார். அந்தப் பால் காசில்தான் அரிசியும் அப்பாவின் மருந்தும்.

மிச்சம் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு அந்த நேரம் வேறு கவலை. பள்ளிக்கூடத்துக்கு அந்த வருட வசதிக் கட்டணம் கட்டவில்லை. கட்டாத பிள்ளைகளை டீச்சர் எழுப்பி நிறுத்துவா. ஏச மாட்டா, பெயரைக் குறித்துவிட்டு இருக்கச் சொல்வா, அவ்வளவுதான். ஆனால் எழும்பி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்து எனக்கு முந்தின நாளே பயம் பிடித்துவிடும். இரவில் சோறு இறங்காது. இன்றைக்கும் கேட்பா, என்ன சொல்வது என்று யோசித்தபடிதான் நின்றேன்.

சின்ன மாமா எழும்பிக் கொட்டிலுக்குப் போனார். சிவப்பியை அவிழ்த்து முற்றத்துத் தண்ணீருக்குள்ளால் நடத்திக்கொண்டு வந்து, கோயிலில் தட்டம் கொடுப்பது போல இரண்டு கையாலும் கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"இந்தா மருமகள். இண்டையிலிருந்து இது உன்ட சீதனம்."

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். மாடும் சில வீடுகளில் அப்படித்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு வயதில் கையில் கிடைக்கும் என்று தெரியாது.

"உண்மையாவா மாமா?"

"மறுகா என்ன? உன்ட மாட்ட ஊரானா மேய்க்கிற? கொண்ணனக் கேட்டுப் பாரு, அவனுக்கு ஒரு வால் மயிர் கூடக் கிடையாது."

"எனக்குக் கணக்குப் பாடத்தில பாஸ் கிடைச்சாப் போதும்," என்றான் அண்ணன்.

"கன்று?" என்று கேட்டேன். எதையும் தெளிவாகக் கேட்டுவைத்தால்தான் எனக்கு நிம்மதி.

"கன்றும் உன்டதான். வளர்ந்தாப் புறகு உன்ட எழுத்தில குறி சுடுவம்."

அப்பா கூடச் சிரித்தார். "மாரி முடியுமட்டும் பாரு மனே. மறுகா நான் எழும்பிருவன்," என்றார். கட்டணத்தைப் பற்றிக் கேட்டேன். "அதையும் மாரி முடியக் கட்டுவம்" என்றார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சட்டைய மாத்து. சேறு பட்டாப் போகாது," என்றாள். நான் கழற்றிய சட்டையைத் தோய்த்தாள். அதில் அழுக்கே இல்லை. தோய்த்து, அடுப்புக்கு மேலே கொடியில் காயப் போட்டாள்.

உரப்பை ஒன்றை மூலை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரம்புக்குப் போனேன். அன்று நான் பட்ட சந்தோசம் இன்றுவரை திரும்பி வரவில்லை. பயமும் இல்லாமல் இல்லை. அட்டை ஏறுமா, சிவப்பி வழுக்கி விழுவாளா, கன்று பசியில் கத்துகிறதா என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒருவரும் என்னை எழும்பச் சொல்லவில்லை. சிவப்பி பயிர்ப் பக்கம் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் கயிற்றை இழுத்தேன். இரண்டு தடவைக்கு ஒரு தடவை அவள் என்னை இழுத்தாள். அந்த வழியால் வந்த விதானை நின்று பார்த்தார்.

"என்ன புள்ள, நீ மாட்ட மேய்க்கிறியா, மாடு உன்ன மேய்க்குதா?"

"இது என்ட மாடு," என்றேன்.

"அப்ப சரி, முதலாளி," என்று குடையைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ரோட்டால் போனார்கள். ஒளிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் பார்க்கட்டும் என்று கயிற்றை உயர்த்திப் பிடித்தேன்.

அதே கிழமையில் ஒரு நாள் டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்தி, ரோட்டில் நின்றே கூப்பிட்டா. "எப்ப வாறாய்? சோதனை தொடங்கப் போகுது."

"மாரி முடிய வாறன் டீச்சர்."

"சோதனைக்காவது வா." கட்டணத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பின்னேரம் வீட்டில் சொன்னேன். "சோதனை எங்க போகப்போகுது, வருசா வருசம் வரும்தானே," என்றார் சின்ன மாமா. அம்மா கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அண்ணன் மேசை விளக்கைத் தன் பக்கம் திருப்பினான்.

மாரி முடிந்தது. அப்பாவின் காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது. பிறகு அவர் வரம்பில் நடந்தால் சறுக்கினார். அறுவடைக்கு அம்மாவோடு நானும் போனேன். அடுத்த மாரிக்குள் சிவப்பி இன்னொரு கன்று போட்டாள். பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அந்தச் சட்டை எனக்குச் சின்னதாகிப் போன பிறகு அம்மா அதைச் சதுரமாக வெட்டிப் பால் வடிக்கிற துணியாக்கினாள். "நல்ல மெல்லிசுத் துணி, ஒரு தூசி போகாது," என்று நான்தான் பாராட்டினேன். அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வடித்தாள். கை வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

சின்ன மாமாவின் வாக்குப் பொய்க்கவில்லை. வீடும் வளவும் என் பெயரில் இருக்கின்றன. சிவப்பியின் பேத்தியைத்தான் இப்போது கறக்கிறேன். அண்ணன் கணக்கை இரண்டாம் முறை எடுத்துப் பாஸ் பண்ணிக் கட்டாரில் இருக்கிறான். போன வருடம் ஒரு வேலைக்குப் பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம் கேட்டார்கள். பயந்து பயந்து போனேன். அலுவலக அறையில் இருந்த பிள்ளைக்கு என்னை விட வயது குறைவு.

"அந்த வருசக் கட்டணம் மட்டும்தான் அக்கா நிக்குது. அதக் கட்டினா இப்பவே எழுதித் தருவன், விலகினதெண்டு."

காசு கையில்தான் இருந்தது. பால் காசு. "சில்லறைக் காசு இல்ல, நாளைக்கு வாறன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகு போகவில்லை. அதைக் கட்டிவிட்டால் நான் விலகினது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

நூற்றைம்பது ரூபா. இன்னும் நிற்கிறது.