கிண்ணத்துக்குள் மஞ்சள்

கம்பளிக்காரம்மா என்றால்தான் அந்தத் தெருவில் தபால்காரருக்கே தெரியும். இருபத்தாறு வருஷமாகக் கம்பளியில் கிண்ணம் செய்கிறாள். பின்னல் கிடையாது, தையல் கிடையாது, தறியும் கிடையாது. வெந்நீர், சோப்பு, இரண்டு கை, அவ்வளவுதான். வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் அட்டையின் மேல் சீவிய கம்பளியை நெடுக்காக ஒரு அடுக்கு, குறுக்காக ஒரு அடுக்கு என்று பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் தேய்ப்பாள். புரட்டிப் போட்டு மறுபக்கமும் தேய்ப்பாள். இழைக்கு இழை கோத்துக்கொண்டதும் பாயில் சுருட்டி உருட்டுவாள். பிறகு வாய் வெட்டி அட்டையை உருவிவிட்டு, முன்னறைக் கல்மேடையில் போட்டு அறை அறையென்று அறைவாள். முறம் அளவு இருந்தது சுருங்கிச் சுருங்கிக் கிண்ணமாக நிற்கும்.

"துணியில கிண்ணமா? அழுத்தினா படுத்துக்காதா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றுவிடுவாள். ஆளும் ஒன்றும் ஒல்லி இல்லை. அவள் இறங்கிய பிறகும் கிண்ணம் விறைப்பாகவே இருக்கும். கேட்டவர் முகம்தான் தொங்கிப்போயிருக்கும்.

கையில் கிடைத்த எதையும் சும்மா விட அவளுக்கு வராது. பஸ் ஓட்டும் கணவரின் மப்ளர் ஒருமுறை வெந்நீரில் இறங்கி, பேனா போடும் குவளையாக எழுந்து வந்தது. பாவம், அவர் ஒரு வாரம் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே டிப்போவுக்குப் போனார். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது மகள்தான். குருவி என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயதானாலும் குருவிதான். "அப்பா, உஷாரா இருங்க. அசந்து தூங்கினா அம்மா நம்மளையும் தேய்ச்சுக் கிண்ணமாக்கிடுவாங்க" என்றாள்.

அந்தக் குருவி போய்ப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. நுரையீரலில் ஆரம்பித்த வியாதி மூன்றே மாதத்தில் ஆளைக் கொண்டுபோய்விட்டது. அந்த மூன்று மாதமும் அவள் உடம்பை விட்டு இறங்காதது அம்மா பின்னிக் கொடுத்த மஞ்சள் ஸ்வெட்டர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பையில் அதுவும் இருந்தது. அப்பா அதை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். துவைக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசவும் இல்லை.

வேறு எதைப் பற்றித்தான் பேசினார்கள்? அவர் பஸ்ஸோடு போனார், இவள் கம்பளியோடு கிடந்தாள். ஒருவர் அழுவது மற்றவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று இருவருக்கும் அவ்வளவு கவனம். என்னைக் கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பேன். ஆனால் நம்மை யார் கேட்கிறார்கள்?

அந்த அலமாரியைத் திறந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் கம்பளிக்காரி அல்லவா, அந்துப்பூச்சியை மறக்க முடியுமா? மாதம் ஒருமுறை கதவை நாலு விரல் அகலம் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாலு அந்துருண்டைகளை உள்ளே போட்டுவிட்டுச் சட்டென்று மூடுவாள். அடுத்த மாதம் தட்டில் கையை விட்டுத் துழாவினால் ஒன்றுகூட அகப்படாது. நேராக மளிகைக்கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். "என்ன உருண்டைய்யா விக்கிற? கற்கண்டு மாதிரி கரைஞ்சு போகுது!" கடைக்காரர் ஒரு கும்பிடு போட்டு, இரண்டு உருண்டை கூடுதலாகக் கொடுத்தார். அவையும் மாயமாகின.

ஒரு நாள் காலை கணவர் வெளியூர் வண்டி எடுத்துப் போயிருந்தார். மறுநாள் சாயங்காலம்தான் திரும்புவார். அவள் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அலமாரிக் கதவின் இடுக்கிலிருந்து வைக்கோல் நிறத்தில் ஒரு சின்னப் பூச்சி பறந்து வந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு, பதினொரு மாதமாகத் திறந்து பார்க்காத கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள்.

கழுத்துப்பட்டியில் ஐந்து ஓட்டை. இடது கை சல்லடையாகக் கிடந்தது. உதறினால் வெள்ளைப் புழு விழுந்தது. உயிரோடு இருந்தபோதும் ஏதோ ஒன்று பிள்ளையை உள்ளேயிருந்து தின்றது, இப்போதும் தின்கிறதே என்று அவள் வாய்விட்டுக் கத்தினாள். வெயிலில் போட்டிருக்கலாம். பாலித்தீன் பையில் கட்டிப் பனிப்பெட்டியில் வைத்திருக்கலாம். வழி எத்தனையோ இருந்தது. அவள் கைக்குத் தெரிந்தது ஒரே வழி. கெட்டியாகக் கோத்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

அரித்த பகுதிகளை வெட்டி, கழிவுக் கம்பளிச் சாக்கில் எறிந்தாள். மிச்சத்தைப் பிரித்து, நூலைத் துண்டாக்கி, சீப்புப் பலகையில் சீவிச் சீவி மறுபடி பஞ்சாக்கினாள். அட்டையின் மேல் முதலில் மஞ்சளைப் பரப்பினாள். முதலில் வைப்பதுதான் கடைசியில் உட்புறமாக வரும். அதன் மேல் சாம்பல் நிறக் கம்பளி மூன்று அடுக்கு. அன்று தேய்த்த மாதிரி அவள் என்றும் தேய்த்ததில்லை. பதினொரு மாதம் அடக்கி வைத்த அழுகை முழுவதும் அந்தச் சோப்புத் தண்ணீரில்தான் விழுந்தது. ஆறு முறை அலசினாள். கடைசி அலசலில் வழக்கம்போல ஒரு கரண்டி வினிகர்.

முகம் புதையும் அளவுக்கு ஒரு கிண்ணம் வந்தது. மறுநாள் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. தட்டிப் பார்த்தாள், கல் மாதிரி இருந்தது. அவர் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்து அதே மேல்தட்டில் வைத்தாள். மனசு கொஞ்சம் லேசானது.

சாயங்காலம் வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நேராக அலமாரிக்குப் போனார். அவர் அங்கே போவதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"ஸ்வெட்டர் எங்கம்மா?"

"அதேதாங்க இது. அந்து அரிச்சிடுச்சு. விட்டிருந்தா ஒரு நூல்கூட மிஞ்சியிருக்காது. உள்ள பாருங்க, எல்லாம் அவ மஞ்சள்தான். ஏறி நின்னாலும் நசுங்காது."

அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தார். முகத்தை அதற்குள் புதைத்து மூச்சை இழுத்தார். நிறுத்தினார். மறுபடி இழுத்தார். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே அப்படி நின்றிருப்பார். பிறகு நிமிர்ந்தார்.

"இல்ல" என்றார்.

"என்ன இல்ல?"

"அவ வாசனை." கட்டிலில் உட்கார்ந்தார். "தைலமும் ஆரஞ்சு மிட்டாயும் அவ தலைமுடியும் சேர்ந்து கழுத்துப் பக்கம் ஒரு வாசனை இருந்துச்சு. நீ குளிக்கப் போறப்ப ஒரே ஒரு மூச்சுதான் இழுப்பேன். தீர்ந்துடக் கூடாதேன்னு."

அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப, அந்துருண்டை?"

"நான்தான் எடுத்துக்கிட்டுப் போய் ரோட்டுல எறிஞ்சேன். அந்த நாத்தத்துல அவ வாசனை அமுங்கிப் போச்சு. நீதான் போடுறேன்னு தெரியும். எப்படிம்மா சொல்றது?"

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. அவர் வாசனையைக் காப்பாற்றப் போய்ப் பூச்சி வந்தது. இவள் கம்பளியைக் காப்பாற்றப் போய் வாசனை போனது. ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், இரண்டுமே பிழைத்திருக்கும்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "நான் ஒரு தடவைகூட அதை எடுத்து முகத்துல வச்சுப் பார்க்கலையே. பெத்தவ நான், ஒரு தடவைகூட." தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது அடியில் கை அப்படியே நின்றது. சாக்கு! அரித்ததை வெட்டிப் போட்ட சாக்கு. அதில் தண்ணீர் படவில்லை.

முன்னறைக்கு ஓடினாள். சாக்கு இருந்த இடம் காலியாக இருந்தது. வாரம் ஒருமுறை கழிவுக் கம்பளியை எடுத்துப்போவது பக்கத்து வீட்டுத் தையல்காரி. அன்று காலையில் அவள் வந்து எடுத்துப்போனதுகூட இவளுக்கு நினைவில்லை. வாசலைத் தாண்டி ஓடினாள்.

"அதை அப்பவே நாலு குஷன்ல அடைச்சுத் தைச்சிட்டேனேக்கா" என்றாள் தையல்காரி.

"பிரிம்மா."

"புதுத் தையலுக்கா, நாளைக்குக் கொடுக்..." என்றவள் இவள் முகத்தைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் கத்தரிக்கோலை எடுத்தாள்.

இருவரும் தரையில் உட்கார்ந்து பிய்த்தார்கள். சாம்பல், வெள்ளை, பழுப்பு. கழுத்துப்பட்டி கிடைக்கவே இல்லை. அது தூளாக உதிர்ந்து எதில் கலந்ததோ. மூன்றாவது குஷனின் அடியில் ஒரு மஞ்சள் துண்டு அகப்பட்டது. இடது கையின் மணிக்கட்டுப் பட்டி, நாலு விரல் அகலம், அதிலும் பாதி ஓட்டை.

அதை அங்கேயே மூக்கில் வைத்து இழுத்தாள். ஆட்டு வாசனை வந்தது. மறுபடி இழுத்தாள். ஆட்டு வாசனை, தையல் மெஷின் எண்ணெய், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாசனைதான் போய்விட்டதா, இருபத்தாறு வருஷம் ஈரக் கம்பளியில் ஊறிய மூக்குக்குத்தான் பெற்ற பிள்ளையைத் தெரியவில்லையா? அவளுக்கு அது புரியவில்லை. பக்கத்தில் ஆள் இருப்பதையும் மறந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். தையல்காரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கிண்ணம் மடியில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இந்தாங்க. இதுல தண்ணி படல."

துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை, வெகுநேரம்.

"இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா" என்றார். "நல்லா இருக்கு. அப்படியே இருக்கு."

கிண்ணத்துக்குள் ஒரு நிமிஷத்துக்கு மேல் தேடிப் பார்த்துவிட்டு 'இல்ல' என்று சொன்ன மனுஷன், இந்தத் துண்டை இன்னும் முகத்தருகே கொண்டுபோகவே இல்லை. அது அவர் உள்ளங்கையிலேயே இருந்தது.

அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆமாங்க" என்றாள். "எனக்கும் வந்துச்சு."