‘சரி’ என்று அழுத்திய ஏழு படங்கள்

இது நடந்தது. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். நானும் உங்களைப் போல இளித்தவன்தான். நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைச் சேலை என்று அளந்துவிடும் ஆட்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். எனக்கு நடந்ததோ பட்டப்பகலில், சரியாகப் பதினொன்று ஏழுக்கு, பிளாஸ்டிக் பாட்டில் அரைக்கும் ஓர் ஆலையில்.

என் தொழில் கேமரா மாட்டுவது. கல்யாணக் கேமரா இல்லை. ஓடும் பெல்ட்டைப் படமெடுத்து, பாட்டிலைத் தவிர வேறு எது வந்தாலும் தானே கண்டுபிடித்து பெல்ட்டை நிறுத்தும் கேமரா. பெல்ட்டின் மறுமுனையில் அரவை மெஷின். அதற்குள் போனது எதுவும் துண்டு துண்டாகத்தான் வெளியே வரும்.

அதுவரை அந்த வேலையைப் பார்த்தவர் பெல்ட்டக்கா. ஆலையில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெல்ட் ஓரமாக நின்றுகொண்டு, தப்பாக ஏதாவது வந்தால் கயிற்றை இழுத்து நிறுத்துவார். ஒரு மனுஷி, ஒரு கயிறு. இதற்குச் சம்பளம் வேறு. எனக்குச் சிரிப்பாக வந்தது.

ஆனால் என் கேமரா ஏற்கனவே இரண்டு சோதனையில் தோற்றிருந்தது. ஜன்னல் வெளிச்சம் பாட்டிலில் பட்டுப் பளபளத்தால் போதும், சும்மா சும்மா நிறுத்தியது. “மூணாவது தடவையும் பெல்ட் நின்னுச்சுன்னா, நீ வேலையில நிக்க வேண்டாம்,” என்று என் மேனேஜர் சொல்லிவிட்டார். லென்ஸுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாத ஆள். பன்னிரண்டு மணிக்குச் சோதனை.

பெல்ட்டுக்கு மேல் கறுப்புத் துணியால் கூடாரம் போட்டேன். உள்ளே கும்மிருட்டு. இடது பக்கம் மட்டும் தாழ்வாக ஒரு நீள விளக்கு. வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் பொருள் எடுப்பாகத் தெரியும். அதன் நிழல் வலது பக்கம் விழும். விழ வேண்டும்.

11.07. வெறும் பெல்ட்டை ஓட்டினேன். டக்... நின்றது. திரையில் ஒரு படம். பெல்ட் ஓரத்தில் ஒரு விரல் நுனி.

துணியை விலக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

11.19. டக்... நான்கு விரல்கள்.

“அக்கா, கையை உள்ள விட்டீங்களா?”

“நான் இங்கதானே நிக்கிறேன், தம்பி.” அவருடைய இரண்டு கைகளும் கயிற்றில் இருந்தன.

11.26. மணிக்கட்டு. அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கையின் நிழல் இடது பக்கம் விழுந்திருந்தது. விளக்கை நோக்கி...

11.31. முழங்கை வரைக்கும். கூடாரத்துக்குள் நகம் ரப்பரைச் சுரண்டும் சத்தம். சர்ர்... சர்ர்...

11.38. என் கையை உள்ளே விட்டேன். திரையைப் பார்த்தேன்.

இரண்டு கைகள்.

என் நிழல் வலது பக்கம். அதன் நிழல் இடது பக்கம்.

என் மணிக்கட்டு சில்லென்றது...

கையை உருவிக்கொண்டேன். அதற்குள் மேலும் இரண்டு தடவை டக்... டக்... மணி 11.50.

“வேண்டாம் தம்பி. இன்னைக்கு விட்டுருங்க.”

“விட்டா என் வேலைய யாரு குடுப்பா, அக்கா? நீங்களா?”

ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். சிவப்பு என்றால் ‘நிறுத்து’. பச்சை என்றால் ‘சரி’. நாம் எதை அழுத்துகிறோமோ மெஷின் அதையே பாடமாகக் கற்றுக்கொள்ளும். ஏழு படங்களுக்கும் பச்சையை அழுத்தினேன்.

சோதனை ஒரு மணி நேரம் நடந்தது. பெல்ட் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மேனேஜர் என் தோளைத் தட்டினார். நான் கிளம்பும்போது பெல்ட்டக்காவிடம், “இனிமே கயிறெல்லாம் எதுக்குக்கா? உங்க கண்ணைவிட என் கேமரா நல்லாப் பாக்கும்,” என்றேன். அன்று சாயங்காலமே கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். சிக்கும் பாட்டிலை எடுத்துவிடும் வேலை மட்டும் பெல்ட்டக்காவுக்கு மிச்சம்.

நாற்பத்தொரு நாள் கழித்து ஆலையிலிருந்து போன் வந்தது.

கூடாரத்துக்குள் ஒரு பாட்டில் சிக்கியிருக்கிறது. கேமராதான் இருக்கிறதே என்று பெல்ட்டக்கா கையை விட்டிருக்கிறார். சேலை முந்தானையும் கையும் பெல்ட்டோடு போயிருக்கின்றன. விரல் நுனி, மணிக்கட்டு, முழங்கை என்று கேமரா வரிசையாகப் படமெடுத்திருக்கிறது. பக்கத்தில் பச்சை எழுத்தில் ‘சரி’. நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு ஒரு கையில் முழங்கைக்குக் கீழே எதுவும் மிச்சமில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவன், அங்கேயும் என் புத்தியைத்தான் காட்டினேன்.

“அந்த பெல்ட்ல முன்னாடி அடிபட்டுச் செத்தது யாரு, அக்கா? அன்னைக்கு வந்தது யாரோட கை?”

நான் ஊரையே இளக்காரமாகப் பார்க்கும் அதே பார்வையால் அவர் என்னைப் பார்த்தார்.

“அந்த பெல்ட் போட்ட நாள்லேர்ந்து நான்தான் நின்னேன், தம்பி. பதினாறு வருஷம். ஒருத்தருக்கும் ஒரு நகம்கூடப் போனதில்ல.”