உயர்த்திப் பிடித்த மஞ்சள் பை

அந்த வருடம் ஐப்பசி முடிவதற்குள் எங்கள் கண்மாய் நிறைந்துவிட்டது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் வாக்கப்பட்டு வந்த இத்தனை வருடத்தில், தண்ணீர் கரையைத் தொட்டு நின்றதை நான் பார்த்தது குறைவு. விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்தால் வயலும் தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகக் கிடக்கும். எது எங்கே முடிகிறது என்று தெரியாது. கொக்குகள் நடந்து போவதை வைத்துத்தான் அங்கே தரை இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வேலை ஓடாது. விளக்குமாற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவேன். "மதினி நின்னுக்கிட்டே தூங்குறாக" என்று என் கொழுந்தன் கேலி செய்வார்.

ஒரே முற்றத்துக்கு இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும், அந்தப் பக்கம் கொழுந்தனும் அவர் மனைவியும். என் ஓரகத்தியை நான் தங்கச்சி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். அடுப்பு இரண்டு என்றாலும் உறைமோர் ஒன்றுதான். அவள் வீட்டுத் தயிர் என்ன செய்தாலும் சரியாகத் தோயாது. விளக்கு வைத்த பிறகு மோர் கொடுக்கக் கூடாது என்பதால், பொழுது இறங்குவதற்குள் ஒரு கிண்ணத்தோடு என் அடுப்படிக்கு வந்துவிடுவாள். ஒரு கரண்டி மோருக்காக வந்தவள் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவள் வராத சாயங்காலம் எனக்குச் சாயங்காலமாகவே இருக்காது.

அந்த வீடியோ வந்தது ஒரு மழைக் காலை. நான் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். "மதினி, இதப் பாத்தீகளா? ஊர்க் குரூப்புல போட்டிருக்காங்க" என்று கொழுந்தன் போனை நீட்டினார். என் வீட்டுக்காரரும் தங்கச்சியும் தலையை நீட்டினார்கள். நாலு பேரும் ஒன்றாகத்தான் பார்த்தோம்.

எந்த ஊர் என்று தெரியவில்லை. ஏதோ ஒரு கண்மாயின் கலுங்கு. நிறைந்த கண்மாயின் மிச்சத் தண்ணீர் அதன் மேல் பழுப்பாக வழிந்து ஓடுகிறது. வெள்ளைச் சட்டையும் மடித்துக் கட்டிய கைலியுமாக ஒருவர் அதைக் கடக்கிறார். வலது கையில் ஒரு மஞ்சள் பை. நனையக் கூடாதென்று அதைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருக்கிறார். படம் எடுக்கிறவர்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். பாதி தூரத்தில் கால் வழுக்குகிறது. ஆள் உள்ளே போய்விட்டார், பை மட்டும் மேலே நிற்கிறது. ஒரு தடவை முகம் தெரிகிறது. மறுபடியும் பை மட்டும். அதுவும் தூரமாகப் போகிறது. ஒரு பொம்பளை அலறும் சத்தத்தோடு வீடியோ நின்றுவிட்டது. கீழே யாரோ "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

கொழுந்தன் உடனே அதை வேறு நாலு இடத்துக்கு அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். சூடு பட்ட பாத்திரத்தைக் கீழே வைக்கிறவர் மாதிரி இருந்தது அது. என் வீட்டுக்காரர் தன் போனை எடுத்து, முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். தங்கச்சி நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். எங்கள் பக்கம் எழவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைய மாட்டோம். கண்ணால் ஒரு சாவைப் பார்த்தாயிற்று, அது போனில் வந்தால் என்ன, வாசலில் வந்தால் என்ன என்பது அவள் கணக்கு. ஈரச்சேலையோடு வந்து தன் புருஷன் போனையும் மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாள். அன்றிலிருந்து அந்தப் போனில் யார் பேசினாலும் சளி பிடித்த குரலாகத்தான் கேட்கிறது.

நான் உள்ளியை உரித்து முடித்தேன். உலை கொதித்ததும் அரிசியைப் போட்டேன். குழம்பைக் கூட்டி வைத்து, பசித்ததும் தட்டில் போட்டுச் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

தங்கச்சி நிலைப்படியில் நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்தாள். அவள் அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"எப்புடிக்கா ஒங்களுக்குச் சோறு எறங்குது?"

"பசிச்சுச்சு."

"ஒரு உசுரு போயிருக்கு. நெஞ்சுல ஈரமே இல்லையாக்கா ஒங்களுக்கு?"

தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். அன்று சாயங்காலம் அவள் கிண்ணம் எடுத்துக்கொண்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கடையில் பாக்கெட் தயிர் வாங்கி உறை ஊற்றுகிறாள் என்று கொழுந்தன் மூலமாகத் தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்காக அவள் பட்டினி கிடப்பாளாம், கூடவே இருக்கிற என்னிடம் பேச மாட்டாளாம். வாளியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, ஏனென்றால் அது புதுக் கேள்வி இல்லை. என்னைப் பெற்ற அய்யா இறந்தபோதும் நான் அழவில்லை. எழவு வீட்டுக்கு வரும் பொம்பளைகள் ஒவ்வொருத்தியும் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். நாமும் கூட அழ வேண்டும். நான் மரமாக நின்றேன். அய்யாவுக்கு நான் என்றால் உயிர், எனக்கும் அப்படித்தான். ஆனாலும் கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. என் காதுபடவே பேசினார்கள். அய்யாவுக்காக அழாதவள் யாருக்காகத்தான் அழப் போகிறாள் என்று நானே பயந்திருக்கிறேன். எல்லோருக்கும் உள்ளே இருக்கிற ஏதோ ஒன்று எனக்கு மட்டும் வைக்கப்படவில்லையோ என்ற பயம் அது. தங்கச்சி சொல்லித்தான் அது வெளியே வந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு அந்த மஞ்சள் பை தெரிந்துகொண்டே இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் சாய்ந்தால், இமைக்குள் பழுப்புத் தண்ணீர் வரும், அதன் மேல் பை வரும். அது முங்காது. மெதுவாக, அவசரமே இல்லாமல், எங்கள் முற்றத்தைக் கடந்து, நெற்பயிருக்கு மேலே போகும். திருவாடானைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, ரோட்டோரப் பள்ளத்துத் தண்ணீரில் பஸ்ஸோடு கூடவே வரும். அந்த ஆளின் முகம் எனக்கு நினைவில்லை. துக்கம் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பைக்குள் என்னதான் இருந்தது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருப்பேன். ரேஷன் கார்டா, மாத்திரையா, கல்யாணப் பத்திரிகையா, யாருக்காவது எடுத்த சேலையா? உயிர் போகும்போதும் ஒருவர் நனைய விடாத பொருள் எது? இதைத் தங்கச்சியிடம் சொல்லியிருந்தால் பேசியிருப்பாளோ என்னவோ. சொல்ல எனக்கு ரோஷம்.

என் வீட்டுக்காரர் மேலும் எனக்கு எரிச்சல்தான். அவர் அந்த வீடியோவை அழிக்கவே இல்லை. வரப்பில் உட்கார்ந்து பார்ப்பார், சாப்பிட உட்காரும் முன் பார்ப்பார். அந்தப் பொம்பளையின் அலறல் வீட்டுக்குள் திரும்பத் திரும்பக் கேட்கும். "அதுல என்ன இருக்குன்னு அதையே பாக்குறீக?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்.

மறுநாள் அவருக்குக் கஞ்சி கொண்டு போனேன். எங்கள் ஊர்க் கலுங்கின் பக்கத்தில் நின்றிருந்தார். மழை விட்டு வெயில் மங்கலாக இருந்தது. என்னைக் கூப்பிட்டுப் போனை நிறுத்திக் காட்டினார்.

"இந்தா பாரு, இங்கன ஒரு கல்லு நிக்குது. எடது கைய நீட்டிருந்தா இதப் புடிச்சிருக்கலாம். அங்கன தண்ணி லேசா வளையுது பாத்தியா, அந்தப் பக்கம் ஆழம் இருக்காது."

பிறகு எங்கள் கலுங்கைக் கையால் காட்டி, நம் ஊரில் அந்த இடம் எங்கே வரும் என்று சொன்னார். இத்தனை நாளும் அவர் ஒரு மனிதன் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவரோ அந்த மனிதன் பிழைப்பதற்கு வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறார். கஞ்சி வாளியைக் கீழே வைத்துவிட்டு நானும் கூட உட்கார்ந்து தேடினேன். அன்று அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தைக் கல்யாணமான புதிதில்கூட நான் உணர்ந்ததில்லை.

தை அமாவாசைக்குத் திருப்புல்லாணி தாண்டிச் சேதுக்கரைக்குப் போனோம். என் மாமனாருக்கு எள்ளும் தண்ணீரும் விட வருடா வருடம் போவதுதான். விடியலில் கடல் அசையாமல் கிடந்தது. கரை நெடுகக் கூட்டம், எல்லோரும் தணிந்த குரலில் இறந்தவர்களின் பேர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க எனக்குக் கண் சொருகியது. என் வீட்டுக்காரரின் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். கொழுந்தனும் தங்கச்சியும் என் பக்கத்தில்தான் நின்றார்கள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தர்ப்பணம் செய்து வைத்த அய்யர், அப்பா பேர், தாத்தா பேர், பூட்டன் பேர் கேட்டு முடித்தார். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒருத்தரு இருக்காரு சாமி."

"பேர் சொல்லுங்கோ."

"பேரு தெரியாது. ஊரும் தெரியாது. தண்ணியில போனவரு. வெள்ளச் சட்ட போட்டிருந்தாரு."

அய்யர் ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தார். "பேர் தெரியாதவாளுக்கும் விடலாம்" என்று சொல்லி, எள்ளைக் கொஞ்சம் தாராளமாகவே அவர் உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர் விரலிடுக்கில் இறங்கியது. தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். கொழுந்தன்கூடக் கண்ணைத் துடைத்தார். நான் மட்டும் சட்டையைப் பிடித்துக்கொண்டு வறண்ட கண்ணோடு நின்றேன். தங்கச்சி ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

மாசியில் அறுப்பு முடிந்து, நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் கொழுந்தன் முற்றத்தில் நின்று கத்தினார்.

"அண்ணே, இங்க வாங்க. இந்தாளா பாருங்க."

வேறு ஏதோ குரூப்பில் வந்த வீடியோ. ஒரு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் கூச்சத்தோடு ஒருவர். என் வீட்டுக்காரர் பார்த்த மாத்திரத்தில் "அவருதாண்டா" என்றார். அந்த முகத்தை அவரைவிட அதிகமாகப் பார்த்தவர் யார் இருக்கிறார்கள்? கலுங்கிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஓடையோரக் கருவையைப் பிடித்துக் கரையேறிவிட்டாராம். கையை விரித்து முள் கிழித்த தழும்புகளைக் காட்டினார். விவசாயிகள் நாங்கள் நாள் தவறாமல் திட்டித் தீர்க்கும் அதே சீமைக் கருவைதான். கேள்வி கேட்கிறவர் கேட்டார், "அப்புடித் தூக்கிப் புடிச்சீகளேண்ணே, பைக்குள்ள என்ன, பணமா?"

அவர் சிரித்துவிட்டார். "புரோட்டாங்க. புள்ளைக ரொம்ப நாளாக் கேட்டுச்சுக. சால்னா சிந்திருமேன்னு தூக்கிப் புடிச்சேன்."

"பை என்னாச்சு?"

"அது போயிருச்சு. மறுநா வேற வாங்கிக் குடுத்துட்டேன்."

அவ்வளவுதான் வீடியோ. ஊர்க் குரூப்பில் கொழுந்தன் அதைப் போட்டார். அன்று கை கூப்பியவர்கள் யாரும் இன்று ஒரு கட்டைவிரலைக்கூடத் தூக்கவில்லை. சாவுக்குக் கூடுகிற கூட்டம் பிழைத்து வந்தவரை எட்டிப் பார்க்காது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "உசுரோட இருக்குறவனுக்கு எள்ளுத் தண்ணி விட்டுட்டேனேடா" என்று திண்டாடினார். அது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தங்கச்சிதான் தைரியம் சொன்னாள். "செத்ததாச் சேதி பரவுனாலே ஆயுசு கூடும்பாக மாமா. இவருக்கு நானு தலையும் முழுகிட்டேன், நீங்க எள்ளுந் தண்ணியும் விட்டுட்டீக. இனிமே அந்த மனுசனுக்குச் சாவே கெடையாது." கொழுந்தன் சிரித்தார், என் வீட்டுக்காரரும் பிறகு சிரித்தார். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

அழுகை வந்துவிட்டது. சாதாரண அழுகை இல்லை. காயப்போட்ட நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் புரோட்டாவுக்காகக் காத்திருந்த வாசல் என் கண்ணுக்குத் தெரிந்தது. வாரச் சந்தை முடிந்து, மழையில் நனைந்து, எனக்குக் காராச்சேவுப் பொட்டலத்தைச் சட்டைக்குள் பொத்திக் கொண்டுவரும் எங்கள் அய்யாவும் தெரிந்தார். அய்யா செத்த அன்று யாரும் என்னிடமிருந்து வாங்க முடியாத ஒப்பாரியை, அந்த மத்தியான வெயிலில் நான் சத்தமாகவே வைத்தேன்.

ஆண்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். தங்கச்சி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, பொழச்சு வந்துட்டாருக்கா. இப்பப் போயி அழுகுறீக?"

"புரோட்டா..." என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. என் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளும் அழுதாள். வெயில் சாய்ந்து, நெல்லைக் குவிக்கிற நேரம் வந்தது. எழுந்து போனவள் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

"வெளக்கு வைக்கப் போறாக. ஒரு கரண்டி மோர் ஊத்துங்கக்கா."