பிலிப்பைன்ஸ் மேசை

அக்கா டாக்டருக்குப் படிக்க பிலிப்பைன்ஸ் போனபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருவாள். தான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் மேசையை ‘மேசா’ என்கிறாள் என்று ஒருநாள் சொன்னாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சோழர்கள் கப்பலில் கொண்டுபோய்க் கொடுத்த வார்த்தை என்று ஷிஃப்டில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டு வந்தார். நானும் வகுப்பில் அளந்துவிட்டேன்.

அங்கே அதைக் கொண்டுபோய் இறக்கியவன் ஸ்பெயின்காரன், நம்முடைய மேசையே போர்ச்சுக்கீசியன் விட்டுப்போனதுதான் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பாவம், சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

நான்காம் வகுப்பு முடிவதற்குள் ஒருநாள், பேசிக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்குப் பின்னாலிருந்த அலமாரி ஆடியது. வீட்டுக்கார அம்மாள் எங்கிருந்தோ என்னென்னவோ கத்தினாள். அதில் எங்களுக்குப் புரிந்தது ‘மேசா’ மட்டும்தான். அக்காவுக்கும் அவ்வளவுதான் புரிந்திருக்க வேண்டும். சட்டென்று குனிந்தாள். அதோடு லைன் போய்விட்டது.

டிவியில் பூகம்பம் என்றார்கள். அப்பா விடாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தார். அம்மா டிவி முன்னாலிருந்து நகரவே இல்லை. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பால் ஊற்ற வரும் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“டவரு புட்டுகினு இருக்கும்க்கா. பொண்ணுக்கு ஒண்ணியும் ஆயிருக்காது” என்றார்.

அம்மா காதில் அது விழவே இல்லை.

நன்றாக இருட்டிய பிறகு அக்காவே கூப்பிட்டாள். லேசாக ஆடியது, எல்லாம் அடங்கிவிட்டது, சாப்பிட்டாயிற்று என்று சிரித்தாள். திரை முழுக்க அவள் முகம் மட்டும்தான். நம்ம வார்த்தைதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஏன்டி குனிஞ்சே பேசற?”

“இங்கதான்மா சிக்னல் நல்லா கெடைக்குது.”

அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் போனை வைக்கவும் விடவில்லை. கத்தரிக்காய் விலை, மாடி வீட்டுச் சண்டை, திருமுல்லைவாயில் சித்தியின் முழங்கால் வலி என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். அக்காவும் ஒவ்வொன்றுக்கும் “உம், அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கோ பசி. எல்லாம்தான் அடங்கிவிட்டதே, இந்த அம்மா எதற்கு வளவளவென்று பேசுகிறாள் என்று எரிச்சலாக வந்தது.

அங்கே தரை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, அக்கா மேசைக்கு அடியை விட்டு வெளியே வரவே இல்லை என்பது எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்திருந்தது.