காற்றுக்கு இரண்டு வேலை

மாயாண்டி தன் மனைவி நிர்மலாதேவிக்கு இரண்டாயிரத்து நானூறு மலேசிய வெள்ளி கடன்பட்டிருந்தார். ஊரான் கடன் என்றால் எதிர்ப்பக்கம் நடந்து தப்பித்துவிடலாம். இது பக்கத்தில் படுத்துத் தூங்குகிற கடன். காலையில் காப்பி ஆற்றிக் கொடுக்கிற கடன்.

மலாக்காவின் செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று, ஓவர்டைம் காசைத் தொடாமல் நிர்மலா சேர்த்த பணம் அது. கடல் தாண்டிக் கோத்தா கினபாலுவில் வாழ்க்கைப்பட்ட தங்கை பவானேஸ்வரியின் மகளுக்கு நவம்பரில் கல்யாணம். பெரியம்மா முறைக்கு ஒரு ஜோடி வளையல், போக வர விமான டிக்கெட். இருபத்திரண்டு வருடத்தில் தங்கை வீட்டு வாசலை நிர்மலா ஒருமுறைகூட மிதித்ததில்லை. அந்தப் பணத்தைத்தான் ஜனவரியில் சொந்தத் தொழில் தொடங்க மாயாண்டி கேட்டு வாங்கினார். பத்தே மாதத்தில் திருப்பித் தருவதாகச் சாமி படத்துக்கு முன்னால் சத்தியமும் செய்தார்.

தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு முழுக்குப் போட்ட மனிதர். லோரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராக முப்பத்தைந்து வருடம் அடுத்தவன் முதலாளியாவதற்கு உழைத்தவர். அறுபது வயதில் எவன் சொந்தத் தொழில் தொடங்குவான்? மற்றவர்கள் பேரப்பிள்ளையைத் தூக்கும் வயதில் மாயாண்டி கல்யாணத்துக்குக் கூடாரம் தூக்கினார். நாலு பழைய கூடாரம், இருபது மேசை. மலாக்காவில் கூடாரம் வாடகைக்கு விடுகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் காற்றிடம் பேச்சுவார்த்தை நடத்திவிட்டுக் கூடாரம் போடுகிறவர் இவர் ஒருவர்தான். அந்தப் பேச்சுவார்த்தையின் முதல் சுற்றில் அவர் தோற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் மாதம் கிளேபாங் கடலோரத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து. நாலு காலிலும் சிமெண்ட் நிரப்பிய வாளி கட்டியிருந்தார். அப்படியும் ஒரு கூடாரம் வாளியோடு எழும்பிப் போய்த் தென்னை மரத்தில் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, அடியில் யாரும் இல்லை. வளைந்த காலை நிமிர்த்தவே ஒரு மாத வருமானம் போயிற்று.

வீட்டுக்கு வந்து, காற்று பலமாகத் தள்ளிவிட்டது, இனி வாளியைப் பெரிதாக்க வேண்டும் என்றார். நிர்மலா அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தள்ளுனா சாயத்தானங்க செய்யணும்? ஏன் மேல போச்சு?"

மாயாண்டி முறைத்தார். அந்தக் கேள்வி மூன்று நாள் சோற்றில் கல்லாகக் கிடந்தது.

அடுத்த மாதம் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப்பக்கம், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பள்ளியில் விருந்து வைத்தார்கள். கூடாரம் போடப் போன மாயாண்டி, அங்கே பாடம் நடத்தும் நிவேந்திரனைப் பிடித்துக்கொண்டார். தெரியாததைக் கேட்க வெட்கப்படுகிறவன் தெரியாதவனாகவே சாவான் என்பது அவர் கட்சி. நிவேந்திரன் ஒரு தாளை நீளமாகக் கிழித்து, நுனியை உதட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, அதன் முதுகுப் பக்கமாக ஊதினார். தொங்கிய தாள் மெல்ல எழும்பி நின்றது.

"மேலதான் ஊதுனேன், பாத்தீங்களா அண்ணே? வளைஞ்ச முதுகு மேல காத்து ஓடுனா அங்க அழுத்தம் கொறையும். கீழ இருக்கற காத்து தூக்கிவிடும். ப்ளேன் ரெக்கைக்கும் அதான், உங்க கூடாரத்துக்கும் அதான்."

"அப்ப நான் வாடகைக்கு விடறது ரெக்கையா?"

"ஆமாலா. நாங்க எழும்பறதுக்கு எண்ணெய்க்குக் காசக் கொட்டறோம். உங்களுக்கு ஓசியிலயே எழும்புது."

பிறகு லோரி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிய அனுபவம் உண்டா என்று கேட்டார். மாயாண்டிக்கா இல்லை? கையைக் கத்திபோல வைத்தால் காற்றை அறுத்துக்கொண்டு போகும். உள்ளங்கையை எதிரே காட்டினால் பின்னால் இழுக்கும், அது இழுவை. முன்விளிம்பைக் கொஞ்சம் நிமிர்த்தினால் கை தானாக மேலே போகும், அது தூக்கு. ஒரே காற்றுக்கு இரண்டு வேலை. முப்பத்தைந்து வருடம் இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டே ரப்பர் பால் ஏற்றிப் போயிருக்கிறார். இது பாடம் என்று சொல்லத்தான் ஆளில்லை. கடைசியாக நிவேந்திரன் ஒன்றை அழுத்திச் சொன்னார். காற்று வரும் பக்கம் திறந்து, போகும் பக்கம் அடைத்திருந்தால் அதுதான் ஆபத்து. உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று இழுக்கும், எந்த வாளியும் தாங்காது.

செப்டம்பருக்குள், கடனை அடைக்கவென்று வைத்த பால்மாவு டின்னில் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி சேர்ந்திருந்தது. பாக்கி தொள்ளாயிரம். விமான டிக்கெட் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. நிர்மலா பணத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். தங்கையிடம் போனில், முடிந்தால் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். அந்த 'முடிந்தால்' மாயாண்டியின் நெஞ்சில் போய்க் குத்தியது.

அப்போதுதான் அப்புசாமியின் மகள் கல்யாணம் கிடைத்தது. கிளேபாங் திடல், ஞாயிற்றுக்கிழமை காலை, நாலு கூடாரம், மேசை நாற்காலி எல்லாம் சேர்த்துச் சரியாகத் தொள்ளாயிரம். ஆனால் மாப்பிள்ளை பெண் முகம் போட்ட பெரிய பேனரை அப்புசாமி எழுநூறு வெள்ளிக்குச் செய்து, மணமேடைக்குப் பின்னால் கூடாரத்தின் அகலத்துக்கும் கட்டச் சொல்லியிருந்தார். கடல் பார்த்த பக்கம் திறப்பு, முதுகுப் பக்கம் அடைப்பு. இது ஆபத்து என்று மாயாண்டி முதல் நாளே சொல்லிப் பார்த்தார். படத்துக்குப் போஸ் கொடுக்கத்தான் கல்யாணமே என்று அப்புசாமி சிரித்துவிட்டார்.

காலை எட்டு மணிக்குக் கடல்மேல் மேகம் கறுத்துச் சுருண்டது. சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் காற்றைக் கடலோரத்துக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். மணமேடையில் ஐயர் வந்து உட்கார்ந்துவிட்டார்; நாற்காலிகளில் நூறு பேர். மாயாண்டி ஒரு நிமிடம் தொள்ளாயிரத்தை நினைத்தார். நிர்மலாவை நினைத்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"அத அவுத்தீங்கன்னா ஒரு காசு தரமாட்டேன்," என்றார் கீழே வந்து நின்ற அப்புசாமி.

"தராதீங்க அண்ணே. இதுக்குக் கீழதான் ஒங்க பொண்ணு உக்காரப் போவுது."

கயிறு அறுந்தது. எழுநூறு வெள்ளி மண்ணில் விழுந்தது. சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஒருவர் கூடாரக்காரனுக்குப் பைத்தியம் என்றார்.

பத்து நிமிடத்தில் காற்று வந்தது. பக்கத்துக் கடைக்காரரின் பெரிய குடை பிடுங்கிக்கொண்டு சாலைக்கு அந்தப்புறம் போய் விழுந்தது. கூடாரத் துணி மூச்சு முட்டுவதுபோல் புடைத்தது, கால்கள் நடுங்கின. ஆனால் முன்னால் புகுந்த காற்று பின்னால் வழி கண்டு ஓடிவிட்டது. மாயாண்டி ஒரு கூடாரக் காலைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். மழை வந்து ஓய்ந்து, தாலியும் ஏறியது.

சாப்பாடு முடிந்ததும் அப்புசாமி அவரைத் தேடி வந்தார். சேறு படிந்த பேனரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மருமவன் மூஞ்சிய மண்ணுல போட்டுட்டீரு. பரவால்ல. கூடாரம் நின்னுச்சு, அதனால கல்யாணம் நிக்கல," என்று சொல்லி ஒன்பது நோட்டை நீட்டினார்.

மாயாண்டி வீட்டுக்குப் போனபோது நிர்மலா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சட்டை ஏன் இப்படி நனைந்திருக்கிறது என்று கேட்டாள். அவர் டின்னை எடுத்து வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டச் சொன்னார். அவள் டின்னைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாத்தையுமா? தொழிலுக்குக் கொஞ்சம் வெச்சுக்கலாம்லங்க."

"ஒன் தங்கச்சிக்கு நீ வர்றேன்னு சொல்லு. முடிஞ்சான்னு சொல்லாத."

அவள் நறுக்கிய காயை ஒதுக்கி வைத்தாள். பிறகு, விமானம் நடுவானில் விழாமல் இருக்குமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"விழாது. ரெக்கைய ரெண்டு பக்கமும் காத்து பாத்துக்கும். காத்த எனக்குத் தெரியும்."

நிர்மலா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விரித்தாள். மாயாண்டி உரக்க எண்ணினார். ஐம்பது வெள்ளி நோட்டு முப்பது. அதன்மேல் நூறு வெள்ளி நோட்டு ஒன்று, இரண்டு என்று ஒவ்வொன்றாக, ஒன்பதாவதும் அவள் கையில் விழும்வரை.