உருகிய மெழுகும் எழுதாத பெயரும்

நோர்வேயில் அறையைச் சூடாக்கும் ஹீட்டரை, அறையிலேயே ஆகக் குளிரான இடத்தில், யன்னலுக்குக் கீழே பூட்டி வைத்திருக்கிறார்கள். ட்ரொன்ட்ஹைமுக்கு வந்த முதல் குளிர்காலம், அதற்கு மேல் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக் காற்று எப்படி ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த வீட்டுக்காரி எனக்குக் குளிருகிறதாக்கும் என்று இரண்டு கம்பளிகளைக் கொண்டுவந்து தந்தாள். குளிரவில்லை, காற்றைப் பார்க்கிறேன் என்று அரைகுறை நோர்வே மொழியில் சொன்னேன். அவள் மூன்றாவது கம்பளியையும் எடுத்துவந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க என்னோடு ஆகக் கூடக் கதைத்த ஆளும் அவள்தான். ஊரில் இருப்பவர்களுக்கு இந்தத் தனிமை விளங்காது. இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காற்றையும் மெழுகையும் பார்ப்பதுதான் என் தொழில். மூடிய பெட்டியொன்றின் ஒரு பக்கச் சுவரைச் சூடாக்கினால் உள்ளேயிருக்கும் மெழுகு எந்த நேரத்தில் எவ்வளவு உருகும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்குப் படிக்கப் போய், அங்கேயே உதவி விரிவுரையாளராகி, கண்டி டவுனில் அறையெடுத்திருந்த காலத்தில் தொடங்கிய வேலை அது. கணக்கைத் துளைகளாகப் பதித்த துளையட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கணினி அறையில் கொடுத்தால் மறுநாள் விடை வரும். என் விடையில் மெழுகு மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாக உருகிக்கொண்டு போனது. ஆய்வுகூட டெக்னீசியன் நசீர் கண்ணாடி வைத்துச் செய்து தந்த பெட்டியிலோ மேற்பக்கம் மளமளவென்று உருகியது, கீழே அசையவேயில்லை. பெட்டி பிழை என்றேன். நசீருக்குக் கண்டிக்குப் பக்கத்திலிருக்கும் மடவளை ஊர், என் வயதுதான். மனதில் பட்டதைச் சொல்லாமல் விடமாட்டார்.

“பெட்டி சரியாத்தான் ஈக்கிது, சேர். ஒங்கட கணக்குலதான் மெழுகு உருகிட்டு சும்மா நிக்கிது. இங்க அது ஓடுது, பாருங்க.”

உருகிய மெழுகு சூட்டையும் தூக்கிக்கொண்டு மேலே ஓடுகிறது. மேற்காவுகை. பள்ளிக்கூடத்துப் பாடம்! சமன்பாட்டைச் சுருக்குவதற்காக அதை நான் விட்டிருந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

எண்பத்து மூன்று யூலையில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தபோது அதே நசீர்தான் ஒரு வான் வண்டியில் வந்து, துளையட்டைகளோடு என்னையும் ஏற்றிக்கொண்டு மடவளைக்குப் போனார். வழியில் மறித்தவர்களிடம் என்னைத் தன் மச்சான் என்று சிங்களத்தில் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. ஒன்பது நாள் அவர் வீட்டிலிருந்து, ஓடுகின்ற மெழுகுக்கான புதுச் சமன்பாடுகளை ஒரு கொப்பியில் எழுதினேன். வெளியில் வாகனச் சத்தம் கேட்டால் பேனை நின்றுவிடும். பிறகு நோர்வேயில் எனக்குக் கலாநிதிப் பட்டம் வாங்கித் தந்தது அந்தக் கொப்பிதான்.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியருக்கும் கணினிப் பிரிவாருக்கும் வீட்டுக்காரிக்கும்கூடப் பெயர் போட்டேன். நசீருக்கு மட்டும் ‘கண்டி நண்பர் ஒருவருக்கு’ என்று எழுதினேன். யுத்த காலம், தமிழனை ஒளித்து வைத்தவர் என்று தெரிந்தால் அவருக்கு ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். என் பிழையை ஒரு டெக்னீசியன் பிடித்தான் என்று எழுத வெட்கமாக இருந்தது.

யுத்தம் கொஞ்சம் நின்றிருந்த இடைக்காலத்தில் ஆய்வேட்டோடு மடவளைக்குப் போனேன். தலை நரைத்திருந்த நசீர் என்னைக் கட்டிப்பிடித்தார். நன்றிப் பக்கத்தைத் தானே தேடிப் பிரித்து, பெயர்களின் மேல் விரலை ஓட்டினார்.

“இதுல நான் எங்க, சேர்?”

விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன். அவர் சிரித்தார்.

“கண்டியா? நான் மடவளை தானே!”

“வெட்கத்தில விட்டிட்டன், நசீர். என்ர பிழையை நீங்கள் பிடிச்சதெண்டு எழுத மனம் வரேல்லை.”

அவர் விரலை அந்த வரியிலிருந்து எடுத்தார். பிறகு, “பேனையத் தாங்க” என்றார். அந்த வரிக்குப் பக்கத்தில் தன் பெயரையும் ஊரையும் தமிழில், பெரிய எழுத்தில் எழுதினார். அந்தப் பிரதியை அவரிடமே விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

இங்கே பல்கலைக்கழக நூலகத்தில் இன்னொரு பிரதி இருக்கிறது. சில மத்தியானங்களில் போய் அதை எடுத்து, நன்றிப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். புத்தகங்களில் எழுதக் கூடாது என்று மேசைக்கு மேசை ஒட்டியிருக்கிறார்கள். அட்டையில் இருப்பது என் பெயர்தான். பிழை திருத்திய பிரதி மடவளையில் இருக்கிறது.