சாரத்தின் உச்சியில் அப்பா

அந்த வீட்டில் முடிச்சுப் போட்ட பொருள் எதுவும் கிடையாது. மூட்டைகளின் வாயில் கிளிப், பாவாடையில் கொக்கி, காலில் வார் வைத்த செருப்பு. மகளுக்குப் பதினைந்து வயதானபோது தொடங்கிய ஏற்பாடு இது. அவளுக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் இருக்கும் முடிச்சுகள் தாமாகவே அவிழ்ந்தன.

அம்மா பதறவில்லை. அவளுக்கும் அந்த வயதில் இதே சங்கடம் வந்திருந்தது.

“நம்ம குடும்பத்துப் பொண்ணுங்க எல்லாம் சூனியக்காரிங்கதான். வெளியே சொல்லிட்டுத் திரியாதே. கோவம் வந்தா பல்லைக் கடிச்சுக்கோ. தானா அடங்கிடும்.”

“உனக்கு அடங்கிடுச்சாம்மா?”

அம்மா அவிழ்ந்து தொங்கிய தன் பின்னலைச் சுருட்டிக் கிளிப்புக்குள் திணித்தாள்.

அப்பாவின் பிழைப்போ முடிச்சில்தான் இருந்தது. உயரமான கட்டடங்களில் பூச்சு வேலை செய்கிறவர்கள் நிற்பதற்காக, கம்புகளைக் கயிற்றால் பிணைத்துச் சாரம் கட்டுவார். அவர் கட்டிய சாரம் அசைந்தது என்று யாரும் சொன்னதில்லை, நேற்று வரைக்கும். நேற்று மாலை, பள்ளியில் ஒருத்தி செய்த கேலியை மென்று விழுங்கியபடி மகள் அவர் சாரம் கட்டியிருந்த கட்டடத்தை ஒட்டி நடந்து வந்தாள். முதுகுக்குப் பின்னால் சாரத்திலிருந்து ஒரு பலகை விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடியவள், அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவியதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

காலையில் மனம் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கட்டடத்துக்குப் போனாள். அதற்குள் அப்பா உச்சிக்கு ஏறியிருந்தார். கீழே மேஸ்திரி வேலையாட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

“கட்டுல குத்தமில்லைங்க,” என்று மேலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “எல்லாத்தையும் இழுத்துப் பார்த்துட்டேன்.”

“அப்ப பலகைக்கு இறக்கை முளைச்சுதா? முடிச்சுப் போட ஆள் கேட்டா, எனக்குன்னு ஒரு முடிச்சவிக்கி வந்து வாய்ச்சிருக்கான்.”

கூட்டம் சிரித்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது. பல்லைக் கடித்தாள். தலைக்கு மேலே ஒரு கயிறு சரசரவென்று நழுவியது.

இன்னும் இறுக்கிக் கடித்தாள். இன்னொரு கயிறும் நழுவியது. ஒரு கம்பு விலகிச் சாய, அப்பா பக்கத்துக் கம்பைக் கட்டிப்பிடித்தார். அவர் காலடிப் பலகை ஒரு பக்கம் தாழ்ந்தது. ஓடிவிடலாமா? நேற்றும் வாயை மூடிக்கொண்டுதான் போனாள்; அப்போதும் பலகை விழுந்தது. கோபத்தை உள்ளே தள்ளத் தள்ளக் கயிறுகள் வேகமாக நழுவுவதைக் கண்ணெதிரே பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

“எங்கப்பாவை அப்படிச் சொல்லாதீங்க.”

நழுவிக்கொண்டிருந்த கயிறு நின்றது.

மேஸ்திரி திரும்பினார். “யாரும்மா நீ?”

“அவரோட பொண்ணு. அவர் போட்ட முடிச்சு அவிழாது. அவிழ்த்தது நான். நேத்தும் நான்தான், இப்பவும் நான்தான். எனக்கு உங்க மேல ரொம்பக் கோவம்.”

“நீ என்ன சூனியக்காரியா?”

“ஆமா.”

யாரும் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை. மேஸ்திரியின் பேச்சு, சிரித்தவர்கள், பள்ளிக்கூடத்துக்காரி, தன் மீதே இருந்த ஆத்திரம் என்று எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா கம்புக்குக் கம்பு கால் மாற்றி இறங்கி வந்தார். தரையைத் தொட்டதும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

“பயமா இருந்துச்சுப்பா.”

“இப்ப எனக்கு இருந்த பயத்தை விடவா?”

மேஸ்திரி எட்டவே நின்றார். “இதைப் பிரிச்சாகணும். இனி இதுல எவன் ஏறுவான்?”

அப்பா மகளைப் பார்த்தார். “கோவம் இல்லாம அவிழ்க்க வருமா?”

“தெரியலப்பா. செஞ்சு பார்த்ததில்ல.”

அப்பா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, எல்லோரையும் தெருவுக்குப் போகச் சொன்னார். மேஸ்திரிதான் முதலில் போனார்.

“உச்சி வரிசை, இடது ஓரம். அது ஒண்ணு மட்டும். மெதுவா.”

அவள் அந்த முடிச்சை மட்டும் பார்த்தாள். கயிறு சுற்றுச் சுற்றாகத் தளர்ந்தது; பக்கத்து முடிச்சுகள் அசையவில்லை. கம்பு சுவரை உரசிக்கொண்டு இறங்கி, மண்ணில் குத்திச் சாய்ந்தது.

“அடுத்தது, அதுக்கு வலப்பக்கம்,” என்றார் அப்பா.